பிளாட்பார அறிவிப்பைப் பிடிங்க: டிரங்கிங் ஸ்கேனர், ஒரு ஜீயபுரத்துப் பாடம்

2018 ஆகஸ்ட் 22. அப்போ நான் எட்டாம் வகுப்பு. அன்னைக்கு ராத்திரிதான் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைஞ்சு போச்சு. மொத்தம் 45 மதகு, 1836-38-ல் ஆர்தர் காட்டன் காலத்துல கட்டினது. எங்க ஊர் ஜீயபுரம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், காவிரிக்குத் தென்கரை. சேதி வந்த அரை மணி நேரத்துல எங்க தெருவே வாசல்ல நின்னுச்சு. ஒவ்வொரு போனுக்கும் ஒரு கதை வந்தது. "அணையே போச்சு"ன்னு ஒண்ணு, "தண்ணி நம்ம பக்கம் திரும்புது"ன்னு ஒண்ணு. அப்பா டார்ச் எடுத்துக்கிட்டு வாழைக்கொல்லைப் பக்கம் போயிட்டார். அம்மா ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் ஒரு பையில போட்டு என் கையில கொடுத்தாங்க.

கரூர் ரோட்டுல ஒரு ஜீப் நின்னது. உள்ளே வயர்லெஸ் கரகரன்னு பேசிக்கிட்டே இருந்தது. யாரோ யாருக்கோ நிலவரம் சொல்றாங்க. என்ன சொல்றாங்கன்னு புரியறதுக்குள்ள ஜீப் கிளம்பிடுச்சு. உண்மை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, நமக்கு வர்றது எல்லாம் வதந்தின்னு அந்த வயசுல தோணிச்சு. உடைஞ்சது கொள்ளிடம் பக்கம்தான், எங்க பக்கம் தண்ணி வராதுன்னு விடிஞ்சப்புறம்தான் தெளிவாச்சு.

அந்த ராத்திரியிலிருந்து "ஸ்கேனர்" என்கிற சொல் என் தலைக்குள்ள உட்கார்ந்துடுச்சு. இந்தக் கட்டுரை அந்த ஆசை எங்கே போய் முட்டுச்சு, முட்டின இடத்துல என்ன கத்துக்கிட்டேன் என்பது பற்றி. இசிஇ மக்களுக்கு இது கம்யூனிகேஷன் பேப்பருக்கு நேரடியா உதவும். மற்ற துறைக்காரங்களும் படிக்கலாம், கணக்கு ஒரே ஒரு இடத்துலதான் வருது.

சாதாரண ஸ்கேனர் என்ன செய்யும்?

முதல்ல பழைய முறை. ஒரு துறைக்கு ஒரு அலைவரிசை. போலீஸுக்கு ஒண்ணு, தீயணைப்புக்கு ஒண்ணு, மின்வாரியத்துக்கு ஒண்ணு. ஸ்கேனர் என்பது இந்த அலைவரிசைகளை வரிசையா நினைவில் வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் ஒரு கணம் எட்டிப்பார்க்கும் ரிசீவர். பேச்சு இருந்தா நிக்கும், முடிஞ்சா அடுத்ததுக்குத் தாவும். இதைக் கன்வென்ஷனல் ஸ்கேனிங்னு சொல்வாங்க. இதுல புரோகிராம் செய்ய பெருசா ஒண்ணும் இல்ல. அலைவரிசை எண், எஃப்எம்மா குறுகிய எஃப்எம்மா என்பது, தேவைப்பட்டா ஒரு டோன். அவ்வளவுதான். ஜீயபுரம் ஸ்டேஷன்ல பாசஞ்சருக்காக நிக்கும்போது கார்டு கையில இருக்கிற வாக்கி-டாக்கி இரையறதைக் கேட்டிருப்பீங்க. அதுவும் இந்த வகைதான்.

சிக்கல் எங்கேன்னா, ஒரு துறையின் சேனல் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். பக்கத்துத் துறையின் சேனல்ல ஆள் ஆளுக்கு மேல பேசிக்கிட்டு வழி கிடைக்காம நிப்பாங்க. காலியா இருக்கிறதை இவங்க எடுக்க முடியாது. ஸ்பெக்ட்ரம் காவேரித் தண்ணி மாதிரி: மொத்தம் இவ்வளவுதான், கேட்கிறவங்க அதிகம்.

டிரங்க் கால் ஞாபகம் இருக்கா?

உங்களுக்கு இருக்காது, பாட்டிகிட்ட கேளுங்க. எஸ்டிடி வர்றதுக்கு முன்னாடி (நாட்டில் முதல் எஸ்டிடி 1960-ல் லக்னோ-கான்பூர் இடையே வந்தது) வெளியூருக்குப் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருக்கணும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சில கம்பிகள்தான். அதுதான் டிரங்க். எந்தக் கம்பியும் யாருக்கும் சொந்தமில்ல. காலியான கம்பியை ஆபரேட்டர் அடுத்த ஆளுக்குக் கொடுப்பாங்க. வயர்லெஸ்ல அதே வேலையை ஒரு கம்ப்யூட்டர் நொடிக்குள்ள செஞ்சா அதுதான் டிரங்கிங் ரேடியோ.

இன்னும் பக்கத்து உதாரணம் வேணும்னா, சத்திரம் பஸ் ஸ்டாண்டையும் திருச்சி ஜங்ஷனையும் எடுத்துக்கோங்க. சத்திரத்துல ஒவ்வொரு ரூட்டுக்கும் ஓர் இடம். உங்க பஸ் நிக்கிற இடம் தெரிஞ்சா போதும், யார் அறிவிப்பையும் கேட்க வேண்டாம். இது கன்வென்ஷனல். ஜங்ஷன்ல அப்படி இல்ல. வழக்கமா வர்ற பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கலாம், ஆனா இன்னைக்கு எது காலியோ அதுலதான் வண்டி. எதுன்னு ஒலிபெருக்கி சொல்லும்: வண்டி எண் இன்னது, இத்தனாவது பிளாட்பாரம். திரும்பத் திரும்பச் சொல்லும், லேட்டா வந்தவங்களுக்காக.

இதை அப்படியே ரேடியோவுக்கு மாத்துங்க. ஒலிபெருக்கிதான் கண்ட்ரோல் சேனல். அதுல மனுஷக் குரல் இருக்காது, ஓயாம டேட்டா ஓடும். பி25 முறையில் அது நொடிக்கு 9600 பிட். பிளாட்பாரம்தான் வாய்ஸ் சேனல். வண்டி எண்தான் டாக்குரூப். ஒரு அதிகாரி தன் செட்டுல பட்டனை அழுத்தினதும் செட் கண்ட்ரோல் சேனல்ல கோரிக்கை வைக்கும். "டாக்குரூப் இன்னது, சேனல் இன்னது"ன்னு பதில் வரும். அந்த டாக்குரூப்ல இருக்கிற எல்லா செட்டும் ஒரே நேரத்துல அந்தச் சேனலுக்குத் தாவும். பேசி முடிச்சதும் எல்லாரும் திரும்ப ஒலிபெருக்கிக்கு வந்துடுவாங்க. அடுத்த பேச்சு வேற சேனல்ல நடக்கலாம்.

இப்போ இந்த அமைப்பைச் சாதாரண ஸ்கேனரால கேட்டா என்ன ஆகும்? மூணாவது பிளாட்பாரத்துல உட்கார்ந்துக்கிட்டு வர்ற வண்டியை எல்லாம் ஒரே வண்டின்னு நினைச்ச மாதிரி. கேள்வி ஒரு துறையோடது, பதில் இன்னொரு துறையோடதா இருக்கும். டிரங்கிங் ஸ்கேனர் செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு: பிளாட்பாரத்தை விட்டுட்டு அறிவிப்பைக் கேட்கும்.

பகிர்ந்தா எவ்வளவு லாபம்?

இங்கதான் அந்தக் கணக்கு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1909-லும் 1917-லும் எழுதின கட்டுரைகளிலிருந்து வர்றது. நம்ம சிலபஸ்ல எர்லாங் பி, எர்லாங் சி-ன்னு சூத்திரமா மட்டும் வரும், எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அஞ்சு துறை, ஆளுக்கு ஒரு சேனல்னு வெச்சுக்குவோம். ஒவ்வொரு துறைக்குள்ளயும் நாலஞ்சு குழு அதே சேனலைப் பங்கு போடுது. ஒரு பேச்சு சராசரியா 5 நொடி. மணிக்கு ஒரு சேனல்ல 288 பேச்சு. அதாவது 24 நிமிஷம் பேச்சு, லோடு 0.4 எர்லாங். பட்டனை அழுத்தும்போது சேனல் பிஸியா இருக்க வாய்ப்பு 40 சதவீதம். சராசரிக் காத்திருப்பு 0.4-ஐ 0.6-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினா 3.3 நொடி.

இப்போ அஞ்சையும் ஒண்ணாக் கொட்டுங்க. கண்ட்ரோல் சேனலுக்கு ஒண்ணைக் காவு கொடுத்துடணும், மிச்சம் நாலு. மொத்த லோடு 2 எர்லாங். எர்லாங் சி-யில் போட்டா காத்திருக்க நேரும் வாய்ப்பு 17 சதவீதத்துக்குச் சற்று மேல். சராசரிக் காத்திருப்பு 0.43 நொடி. ஒரு சேனலை இழந்தும் காத்திருப்பு எட்டுல ஒரு பங்கா இறங்கிடுச்சு. வெள்ள நேரத்துல, தீ நேரத்துல, அந்த மூணு நொடி என்னன்னு அந்த வேலையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். கணக்கை நம்பாதீங்க, நீங்களே போட்டுப் பாருங்க. நான் முதல் தடவை கீழ்த்தொகையில் கடைசி உறுப்பை விட்டுட்டு 21 சதவீதம்னு போட்டேன்.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதை

ரெண்டாம் வருஷ லீவுல டல்லாஸிலிருந்து பெரியப்பா பையன், அண்ணன், வந்தார். நான் சின்ன வயசிலிருந்து நச்சரிச்ச பாவத்துக்கு, அவர் அங்க பழசா வாங்கி வெச்சிருந்த டிஜிட்டல் டிரங்கிங் ஸ்கேனரைப் பெட்டியில போட்டுக் கொண்டு வந்துட்டார். "நீயே வெச்சுக்கடா, அங்க பாதி சேனல் மூடிட்டான்"னு கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

ஆன் பண்ணினதும் அது கேட்ட முதல் கேள்வி: ஜிப் கோடு என்ன? அஞ்சு இலக்கத்துக்கு மேல போட முடியல. நம்ம பின்கோடு ஆறு இலக்கம். அண்ணன் சிரிச்சார். அந்த வகைப் பெட்டிகள்ல அமெரிக்கா, கனடா முழுக்க உள்ள வயர்லெஸ் அமைப்புகளின் பட்டியல் மெமரி கார்டுலயே இருக்கும். ஊர்க்கோடு போட்டா மிச்சத்தை அதுவே நிரப்பிக்கும். அங்க இருக்கிறவங்களுக்குப் புரோகிராமிங்னா பெரும்பாலும் அதோட சரி. எனக்கு அந்தச் சொகுசு இல்லாததால எல்லாத்தையும் கையால நிரப்ப வேண்டியதாச்சு, அதனாலதான் இதைக் கத்துக்கிட்டேன்.

கையால நிரப்பும்போது அது கேட்கிற வரிசை இதுதான், எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் பெயர்தான் மாறும். முதல்ல சிஸ்டம் எந்த வகை: மோட்டோரோலா டைப் 2-வா, எடாக்ஸா, எல்டிஆரா, பி25-ஆ, டிஎம்ஆரா? இதைத் தப்பாப் போட்டா பிறகு எது சரியாப் போட்டும் பிரயோஜனம் இல்ல. அறிவிப்பு தமிழ்ல வருது, நீங்க இந்தியில கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். அடுத்தது சைட். ஒரு மாவட்டத்துக்கு ஒரே டவர் போதாது, பல டவர் இருக்கும், ஒவ்வொண்ணும் தனித்தனி ஜங்ஷன் மாதிரி, தனித்தனி கண்ட்ரோல் சேனலோட. உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற சைட்டைத்தான் போடணும். ஆரம்பத்துல எல்லாரும் செய்யற தப்பு, இருக்கிற எல்லா சைட்டையும் போட்டு வைக்கிறது. ஸ்கேனர் ஒவ்வொரு டவரா தேடி நேரத்தை வீணடிக்கும்.

பி25-ல் ஒரு சௌகரியம் இருக்கு. கண்ட்ரோல் சேனலின் அலைவரிசையை மட்டும் கொடுத்தா போதும், வாய்ஸ் சேனல் எல்லாத்தையும் அதுவே கண்டுபிடிக்கும். எப்படின்னா, கண்ட்ரோல் சேனல் அப்பப்போ ஒரு அட்டவணையை ஒலிபரப்பும்: அடிப்படை அலைவரிசை இது, இடைவெளி இவ்வளவு. அடிப்படை 851.00625 மெகாஹெர்ட்ஸ், இடைவெளி 6.25 கிலோஹெர்ட்ஸ்னா, "சேனல் 400"க்குப் போன்னு உத்தரவு வந்ததும் 400-ஐ 0.00625-ஆல் பெருக்கிக் கூட்டினா 853.50625. அங்க போய்க் கேட்கும். எடாக்ஸ், எல்டிஆர் போன்ற பழைய முறைகள்ல இந்த அட்டவணை கிடையாது. சேனல் எண் வரிசையை நீங்கதான் சரியா எண் போட்டு நிரப்பணும். ஒரு எண் இடம் மாறினா அப்புறம் முழுக்க வேற வேற பேச்சு. அதோட எல்டிஆர்ல தனிக் கண்ட்ரோல் சேனலே கிடையாது, ஒவ்வொரு ரிப்பீட்டரும் பேச்சுக்கு அடியில மெதுவா டேட்டாவை ஓட்டும். ஒலிபெருக்கி இல்லாத சின்ன ஸ்டேஷன், போர்டர் வாய்மொழியாச் சொல்ற மாதிரி.

கண்ட்ரோல் சேனல் ஒண்ணை மட்டும் போட்டு விட்டுடாதீங்க. பல அமைப்புகள்ல அது தினமும் கூட இடம் மாறலாம், பழுதானா மாத்து சேனல் எடுத்துக்கும். மாத்து எல்லாத்தையும் போட்டு வைக்கணும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிற புலம்பலுக்குப் பாதி காரணம் இதுதான்.

அடுத்தது டாக்குரூப் எண்கள். பி25-ல் 16 பிட், ஆகவே 65535 வரைக்கும் போகும். பட்டியல் பதினாறு அடிமானத்துல இருக்கா பத்து அடிமானத்துல இருக்கான்னு முதல்ல பாருங்க. மோட்டோரோலா டைப் 2-ல் ஒரு வேடிக்கை: டாக்குரூப் எண்கள் எப்பவும் 16-ஆல் வகுபடும். கடைசி நாலு பிட்டை நிலைமை சொல்ல ஒதுக்கியிருக்காங்க. 1600 என்ற குழு அவசர பட்டனை அழுத்தினா அது 1602-ன்னு காட்டும். புது டாக்குரூப்னு நினைச்சுத் தனியாப் பதிவு செஞ்சு ஏமாந்தவங்க நிறைய. எண்ணே தெரியலைன்னா "ஐடி சர்ச்" முறையில விட்டுட்டு ரெண்டு நாள் காத்திருக்கணும், கேட்டுக் கேட்டு யார் யார்னு எழுதிவைக்கணும். பெரிய பட்டியல்கள் எல்லாம் இப்படி ஆர்வலர்கள் உட்கார்ந்து தொகுத்ததுதான்.

கடைசியா ரெண்டு சின்ன அமைப்பு. டிலே: பேச்சு முடிஞ்சதும் ஸ்கேனர் உடனே ஓடாம ரெண்டு நொடி நிக்கணும், இல்லேன்னா கேள்வி கேட்கும், பதில் கிடைக்காது. லாக்அவுட்: தேவையில்லாத குழுவை நீக்கறது. எங்க அண்ணன் சொன்னார், அவர் ஊர்ல குப்பை வண்டிக் குழுவை லாக்அவுட் பண்ணாம விட்டுட்டா விடியற்காலையில வேற எதுவுமே கேட்காதாம்.

டவருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தும் கரகரப்பா? ஆன்டெனாவைக் குறை சொல்றதுக்கு முன்னாடி சைமல்காஸ்ட்டைச் சந்தேகப்படுங்க. பல டவர் ஒரே அலைவரிசையில ஒரே பேச்சை அனுப்பும்போது, சற்றே முன்பின் வந்து சேரும் அலைகள் டிஜிட்டல் பிட்டுகளைக் குழப்பிடும். ஸ்ரீரங்கத்துல திருவிழா நாள்ல நாலு வீதி ஒலிபெருக்கியும் ஒரே நேரத்துல கேட்டா ஒண்ணும் புரியாதே, அதேதான். ஆன்டெனாவைச் சின்னதாக்கி, ஒரு டவரை மட்டும் பிடிக்கிற மூலைக்குப் போனா சரியாகும்.

நம்ம ஊர்ல என்ன ஆச்சு

இத்தனையும் கத்துக்கிட்டு ஜீயபுரம் மொட்டை மாடியில உட்கார்ந்தா, ஒண்ணும் இல்ல. தேடல் எண்கள் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு ராத்திரி கழிச்சுத்தான் காரணங்களை வாசிக்கத் தொடங்கினேன்.

ஒண்ணு தொழில்நுட்பம். இந்தியாவில் பெரிய டிரங்கிங் அமைப்புகள் பல ஐரோப்பாவின் டெட்ரா முறை. டெல்லி மெட்ரோவும் சென்னை மெட்ரோவும் அதுதான், 2010 காமன்வெல்த் போட்டிக்கு டெல்லியில போட்டதும் அதுதான். டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை நாலு நேரத்துண்டாப் பிரிச்சு நாலு பேச்சை ஓட்டும். அமெரிக்கக் கடை ஸ்கேனருக்கு அந்த மொழியே தெரியாது. அதுக்கு மேல என்கிரிப்ஷன். அறிவிப்பு கேட்கும், எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம்னு தெரியும், ஆனா வண்டியோட ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்கும். சாவி இல்லாம ஏஇஎஸ்-256-ஐத் திறக்க மொட்டை மாடி போதாது. "பாதி சேனல் மூடிட்டான்"னு அண்ணன் சொன்னதும் இதைத்தான்.

இன்னொண்ணு சட்டம். இதை நான் முதல்லயே வாசிச்சிருக்கணும். அமெரிக்காவுல ஸ்கேனர் கேட்கிறது பெரும்பாலும் சாதாரண பொழுதுபோக்கு. இங்க அப்படி இல்ல. 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படியே, லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவியைக் கையில வெச்சிருக்கிறதே குற்றம். கேட்கவே வேண்டாம், வெச்சிருந்தா போதும். (வீட்டு ரேடியோவுக்கே ஒரு காலத்துல தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் பணம் கட்டினாங்க. தாத்தாவோட லைசென்ஸ் புத்தகம் சில வீடுகள்ல இன்னும் இருக்கும்.) அதுக்குப் பதிலா வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வெச்சிருக்க அனுமதி வேணும்னுதான் சொல்லுது. அதன் 42-ஆம் பிரிவு, அனுமதியில்லாம ஒரு தகவலை இடைமறிச்சா மூணு வருஷம் வரை சிறை, ரெண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்னு சொல்லுது. ஆன்லைன்ல வாக்கி-டாக்கி கண்டபடி விக்கிறதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி வழிகாட்டுதலே போட்டது. "ஆர்டர் பண்ணினா வருதே, அப்போ லீகல்தானே"ன்னு நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தர் கேட்டார். வர்றது வேற, வெச்சிருக்கலாம்கிறது வேற.

அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். மனசே இல்ல. ஆனா பிளேஸ்மென்ட் வருஷத்துல ஒரு பொழுதுபோக்குக்காக ஸ்டேஷன் படி ஏறினா வீட்டுல என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தேன்.

அப்போ இதைப் படிச்சு என்ன பண்றது?

ரெண்டு வழி. முதலாவது, ரேடியோவே இல்லாம டிரங்கிங்கை நீங்களே கட்டறது. பைத்தான் தெரிஞ்சா ஒரு வாரயிறுதி வேலை. நாலு வாய்ஸ் சேனல், இருபத்தஞ்சு டாக்குரூப், மொத்த லோடு 2 எர்லாங். தற்செயல் இடைவெளியில கோரிக்கை வரட்டும். காலியான சேனலைக் கொடுக்கிற கண்ட்ரோலர் ஒரு ஃபங்ஷன். ஸ்கேனர் இன்னொரு ஃபங்ஷன்: கண்ட்ரோலர் வெளியிடற அறிவிப்பை மட்டும் படிச்சு, கேட்ட டாக்குரூப்பைத் துரத்தணும். சில அறிவிப்புகளை வேணும்னே தொலைச்சுப் பாருங்க, அறிவிப்பைத் திரும்பத் திரும்ப ஏன் அனுப்பறாங்கன்னு அப்போ புரியும். நான் முதல்ல துறைக்கு ஒண்ணா அஞ்சே அஞ்சு டாக்குரூப் வெச்சு ஓட்டினேன். காத்திருப்பு கொஞ்சங்கூடக் குறையல. ரெண்டு நாள் கோடுல பிழை தேடினேன். பிழை என் தலையில: ஒரு டாக்குரூப் ஒரே நேரத்துல ரெண்டு சேனல்ல பேசாது. அஞ்சு குழுவுக்கு அஞ்சு சேனல்னா பகிர ஒண்ணுமே இல்ல. குழு நிறைய இருந்தாத்தான் டிரங்கிங்குக்கு அர்த்தம். இருபத்தஞ்சு ஆக்கினதும், சொந்தக் குழுவே பிஸியா இருந்ததைத் தனியாக் கழிச்சா, அந்த 17-க்குப் பக்கத்துல வந்து நின்னது. சற்றே விலகும், ஏன்னா எர்லாங் எண்ணற்ற பேச்சாளர்களைக் கற்பனை பண்ணினார். நம்மகிட்ட இருபத்தஞ்சுதான்.

இரண்டாவது, ஹாம் லைசென்ஸ். பன்னிரண்டு வயசு முடிஞ்சிருந்தா எழுதலாம், மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துற தேர்வு, சரல் சஞ்சார் தளத்துல விண்ணப்பம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல்னு ரெண்டு நிலை. ரெஸ்டிரிக்டடுக்கு மோர்ஸ் வேண்டாம், ஜெனரலுக்கு நிமிஷத்துக்கு 8 சொல் வேகம் வேணும். தியரி பகுதி நமக்கு ரெண்டாம் வருஷப் பாடம்தான். விதிமுறைப் பகுதியைத்தான் உட்கார்ந்து படிக்கணும். லைசென்ஸ் கையில வந்தா 144-146 மெகாஹெர்ட்ஸ்ல சட்டப்படி கேட்கலாம், பேசலாம். ஆர்டிஎல் டாங்கிள் வாங்குற ஆசை இருந்தாலும் அதுக்கு அப்புறம் வாங்குங்க. அதுவும் ஒரு ரேடியோ கருவிதான். விண்வெளி நிலையம் 145.800-ல் சில நாள் படங்கள் அனுப்பும். நம்ம தலைக்கு மேல போகும்போது டாப்ளரால மூணரை கிலோஹெர்ட்ஸ் வரை விலகறதைத் திரையிலயே பார்க்கலாம். டாங்கிள் மலிவு வகையா இருந்தா அதோட கடிகாரம் 30 பிபிஎம் கூட விலகும். 860 மெகாஹெர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 26 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு சேனல் தள்ளி நிக்கும். அதனால முதல்ல தெரிஞ்ச ஒரு சிக்னலை வெச்சு அளவீடு செய்யுங்க.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அந்தமானைத் தாக்கினப்போ, போர்ட் பிளேரில் ஹாம் குழுவோட இருந்தவர் பாரதி பிரசாத், அழைப்புக்குறி வியு2ஆர்பிஐ. வானொலி ஆர்வத்துக்காக அங்க போயிருந்தாங்க. தொலைபேசி படுத்ததும் அந்த நிலையம்தான் சேதி கடத்தும் நிலையமா மாறிச்சு. அவங்க யாரோட பேச்சையும் ஒட்டுக்கேட்கல. தன் பெயரைச் சொல்லிப் பேசினாங்க, பதில் வாங்கிக் கொடுத்தாங்க.

அந்த முக்கொம்பு ராத்திரியைத் திரும்ப யோசிச்சா, என் கையில ஸ்கேனர் இருந்திருந்தாலும் ஜீப்ல பேசினதை நான் மட்டும் கேட்டிருப்பேன். தெருவுல சொன்னா அதுவும் இன்னொரு வதந்தியாத்தான் போயிருக்கும், "யாரு சொன்னா?"ன்னு கேட்டா என்கிட்டப் பதில் இருந்திருக்காது. மேலணையில ஒரு ஹாம், எங்க தெருவுல ஒரு ஹாம்னு இருந்திருந்தா, "உடைஞ்சது கொள்ளிடம் பக்கம், காவிரிக் கரைக்காரங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க"ன்னு ஒரு வரி வந்திருக்கும். அம்மா அந்தப் பையை விடியற வரைக்கும் கீழ வைக்கல.

நான் ரெஸ்டிரிக்டட் தேர்வுக்கு விண்ணப்பிச்சிருக்கேன். நம்ம காலேஜ்ல இன்னும் மூணு பேர் சேர்ந்தா வாரம் ஒரு நாள் சேர்ந்து படிக்கலாம், விதிமுறைகளைத் தனியாப் படிச்சா தூக்கம் வருது. சிமுலேஷன் கோடு வேணும்னாலும் கேளுங்க. ரெண்டு சைட்டுக்கு நடுவே ஒரு செட் நகர்ந்தா டாக்குரூப்பை எப்படிக் கைமாத்தறது என்கிற இடத்துல இன்னும் சிக்கிக்கிட்டு இருக்கேன். காலையில ஈரோடு பக்கத்திலிருந்து வர்ற பாசஞ்சர்ல, ஜீயபுரத்துல ஏறுவேன், கடைசிப் பெட்டி.